போனது சரியா பிழையா என்ற வழக்கு

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. முற்றுகைக்குள் இருக்கும் சனத்துக்கு மருந்தும் மாவும் கொண்டுபோன கப்பலில் தொண்டராகப் போனவன். நடுக்கடலில், இரவில், படையினர் கப்பலில் ஏறினார்கள். அடிதடி, துப்பாக்கிச்சூடு. அவனுக்குப் பக்கத்தில் நின்றவர் காயப்பட்டு விழ, தம்பி தன்னுடைய சட்டையைக் கழற்றிக் காயத்தை அழுத்திப் பிடித்தானாம். பிறகு கையைப் பின்னால் கட்டிக் கொண்டுபோய், சில நாள் மறியலில் வைத்து, நாடு கடத்தினார்கள். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் கொடியும் மாலையுமாக வரவேற்பு. வீட்டுக்கு வந்து ஆறு கிழமை. இன்னும் வேலைக்குப் போகவில்லை. கதவைப் பார்த்தபடி ஹோலில் நிலத்தில் படுக்கிறான். இரவிரவாகப் போனில் அந்த வீடியோக்கள்தான். "என்ன நடந்தது, சொல்லு" என்றால் எழும்பிப் போய்விடுகிறான். வெளியாட்கள் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைக்கிறான்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் இவன் ஒரு வயதுக் குழந்தை. அப்பா தோளில் போட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர். எனக்கு அப்போது ஏழு வயது. போன மாதம் அப்பா, "எதிலயிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தனோ அதைத் தேடிப் போயிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை. அடுத்த மாதம் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த கப்பலுக்கும் ஆள் சேர்க்கிறார்களாம். நான் அவனுடைய போனைப் பறித்து வைக்கவா? கூட்டத்துக்குப் போகவிடாமல் தடுக்கவா? எப்படி அவனைக் கதைக்க வைப்பது? மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிடாதீர்கள், ஊர் கதைக்கும்.

— ஓர் அக்கா, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசி வரியில் என் வாயைக் கட்டிவிட்டீர்கள். அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் போகிறேன், ஆனால் கடைசியில். கப்பலின் பெயர், மாதம், இடம் எல்லாவற்றையும் நீங்கள் கேட்டபடி எடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது நிலத்தில் படுப்பதோ வீடியோவோ அல்ல. ஒரு பக்கம் விமான நிலையத்து மாலை, மறுபக்கம் அப்பாவின் வசனம். இரண்டும் ஒரே வழக்கின் இரண்டு தீர்ப்புகள். போனது சரி என்று மாலை சொல்கிறது. போனது பிழை என்று அப்பா சொல்கிறார். தம்பி ஆறு கிழமையாக இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அந்த இடத்தில் இருந்துகொண்டு அவரால் சொல்ல முடியாதவை எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். "எனக்குப் பயத்தில் கை கால் ஓடவில்லை." "ஒரு கணம் ஓடி ஒளிந்தேன்." "ஏன்தான் வந்தேனோ என்று நினைத்தேன்." மாலை போட்டவர்களிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றம். அப்பாவிடம் சொன்னால், "நான் சொன்னன்தானே" என்று அவர் பக்கத்துக்கு ஒரு சாட்சியாகிவிடும். ஆகவே எவரிடமும் சொல்வதில்லை. தம்பி நிச்சயமாக இதையெல்லாம் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இரவைக் கடந்து வந்தவர்களில் எதிரியைப் பற்றிய கோபத்தை மட்டும் சுமப்பவர்கள் குறைவு. தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றும் கூடவே உள்ளே கிடக்கும்.

வெளியாட்களிடம் ஒரு மணித்தியாலம் கதைப்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சொல்வது பல தடவை சொல்லிப் பழகிய கதை: எந்த இடத்தில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதை விட்டுவிடுவது எல்லாம் ஏற்கெனவே தீர்மானமானது. அது பொய்க் கதை அல்ல. ஆனால் நன்றாகப் பேசுகிறார், ஆகவே நன்றாக இருக்கிறார் என்று அதை எடைபோட வேண்டாம். உங்களிடம் எழும்பிப் போவது, உங்களிடம் அந்தப் பழகிய கதையைச் சொல்ல அவருக்கு மனமில்லாததாலும் இருக்கலாம். அதில் எனக்கு நம்பிக்கை தெரிகிறது.

எனவே என் முதல் வேண்டுகோள்: போனது சரியா பிழையா என்ற வழக்கை வீட்டுக்குள் ஒத்திவையுங்கள். தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அப்படிப் போவதைப் பற்றி அப்பாவுக்கு ஒரு கருத்து இருக்க உரிமை உண்டு; உங்களுக்கும் உண்டு. எனக்கும் உண்டு, அதை இங்கே எழுதமாட்டேன். நித்திரை கொள்ளாத மனிதரோடு அந்த விவாதம் நடத்துவது நியாயமில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன் இப்படி வீடு திரும்பியவர்களின் கதை ஒன்று பொதுப் பதிவில் விரிவாக இருக்கிறது. 2010 மே 31 அதிகாலை, காஸாவுக்கு உதவிப் பொருட்களோடு போன ஆறு கப்பல்களை இஸ்ரேலியப் படையினர் சர்வதேசக் கடற்பரப்பில் மறித்தார்கள். ஏறத்தாழ 600 பேர் இருந்த மாவி மர்மரா என்ற துருக்கியக் கப்பலில் 9 பேர் கொல்லப்பட்டார்கள். படையினர் தரப்பிலும் காயமடைந்தவர்கள் இருந்தார்கள். மற்றவர்களை அஷ்தோத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், சிறையில் வைத்து, சில நாட்களில் நாடு கடத்தினார்கள். இஸ்தான்புல்லில் பெருங்கூட்டம் கூடி வரவேற்றது. வீடு திரும்பும் படலம் செய்தித்தாள்களுக்கு அந்த இடத்தோடு முடிந்தது.

உண்மையில் எதுவும் முடியவில்லை. காயப்பட்டவர்களில் ஒருவர் நினைவு திரும்பாமலே கிடந்து 2014 மே மாதம் இறந்தார். இறந்தவர் தொகை அன்றுதான் பத்தானது. ஐ.நா. மனித உரிமைப் பேரவை அனுப்பிய குழு 2010 செப்டம்பரில் முற்றுகையே சட்டவிரோதம் என்றது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த பால்மர் குழு 2011 செப்டம்பரில் முற்றுகை சட்டபூர்வமானது, ஆனால் பயன்படுத்திய பலம் மிதமிஞ்சியது என்றது. ஒரே இரவைப் பற்றி ஒரே நிறுவனத்தின் பெயரில் இரண்டு முடிவுகள். இஸ்ரேலியப் பிரதமரின் மன்னிப்பு 2013 மார்ச்சில் வந்தது, அதுவும் தொலைபேசியில், நாட்டுத் தலைவருக்கு. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநர் 2014 நவம்பரில், போர்க்குற்றம் நடந்ததாக நம்ப நியாயமான அடிப்படை உண்டு, ஆனாலும் விசாரணைக்கு எடுக்கும் அளவு பாரதூரமானதல்ல என்று சொன்னார். 2016 இல் இரண்டு அரசுகளும் 2 கோடி டொலர் நட்டஈட்டோடு சமரசம் செய்தன. இஸ்தான்புல்லில் நடந்துகொண்டிருந்த வழக்கு அந்த வருடக் கடைசியில் கைவிடப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், வீடு திரும்பியவர்கள் பலரும் மனதுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வார்கள்: உண்மை வெளிவரட்டும், அதற்குப் பிறகு நான் நித்திரை கொள்கிறேன். நீதி கேட்பது அவருடைய உரிமை. தம்பி வழக்கறிஞரைப் பார்க்கட்டும், வாக்குமூலம் கொடுக்கட்டும், முறைப்பாடு எழுதட்டும். ஆனால் அது ஆறு வருடம் எடுக்கலாம். எதிர்பார்த்த முடிவு வராமலும் போகலாம். நித்திரையை அதற்குப் பிணையாக வைக்கக் கூடாது. எங்கள் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி அந்த வீடியோக்கள். மாவி மர்மராவில் பயணிகளின் கமராக்களையும் போன்களையும் பறித்துக்கொண்டார்கள். மிகக் கொஞ்சப் படங்கள்தான் ஒளித்துக் கொண்டுவரப்பட்டன. உங்கள் தம்பியின் போனும் பறிபோனதென்றால், தான் இருந்த இரவு மற்றவர்களின் கமராவில்தான் அவருக்குக் கிடைக்கிறது. அதில் அவர் எதையோ தேடுகிறார். தன்னையாக இருக்கலாம், விழுந்த அந்த மனிதரையாக இருக்கலாம், தான் வேறு ஏதாவது செய்திருக்கக்கூடிய ஒரு நொடியாகவும் இருக்கலாம். போனைப் பறித்தால் தேடுவது நிற்காது. உங்கள் மீதிருக்கும் நம்பிக்கைதான் போகும். ஏற்கெனவே ஒருமுறை போன் பறிக்கப்பட்டவராக அவர் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

அதற்குப் பதில் ஒரு பேரம் பேசுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு வீடியோ இல்லை, தனியாகப் பார்ப்பதில்லை, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. சத்தம் உடம்பை எழுப்பிவிடக்கூடும். வழக்குக்குத் தேவையானவற்றை நண்பர் ஒருவர் தரவிறக்கித் திகதியிட்டு வைத்துக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் தான்தான் காப்பாற்ற வேண்டும் என்ற பாரம் அவரிடமிருந்து இறங்கும். அதோடு, வழக்கறிஞருக்கும் உதவக்கூடிய ஒன்று: மற்றவர்களின் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அவை சொந்த நினைவோடு கலந்துவிடும். தான் கண்டது எது, பிறகு பார்த்தது எது என்று பிரிக்க முடியாமல் போகும். ஆகவே தனக்கு நினைவிருப்பதை மட்டும், பகல் வெளிச்சத்தில், வழக்கறிஞரோ நம்பிக்கையான ஒருவரோ பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக் கையொப்பமிட்டு வைக்கலாம். இடையில் முடியாவிட்டால் நிறுத்தலாம். நினைவில் ஓட்டைகள் இருந்தால், எது முன்னால் எது பின்னால் என்று குழம்பினால், அது பொய்யின் அடையாளம் அல்ல. அப்படிப்பட்ட நேரத்தில் மூளை ஒழுங்காக அடுக்கி வைப்பதில்லை.

அந்தக் காயப்பட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று தம்பிக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால் கண்டுபிடிக்க உதவுங்கள். செய்தி நல்லதோ கெட்டதோ, தெரியாமல் இருப்பதைவிட அது மேல். கூடப் போனவர்களோடு தொடர்பும் இருக்கட்டும்; விளக்கம் சொல்லாமல் கதைக்கக்கூடிய ஆட்கள் அவர்கள்தான்.

இன்னொன்றை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். மருந்தும் மாவும் போய்ச் சேர்ந்ததா? சேராவிட்டால், அந்தத் துக்கம் தனியானது. அடிபட்டது, கட்டுப்பட்டது எல்லாவற்றுக்கும் அடியில், கொண்டுபோனதைக் கொடுக்க முடியவில்லை என்பது இருக்கும். எங்களுக்கும் ஒரு கப்பல் இருந்தது. 2009 இல் ஐரோப்பாவில் சேர்த்த 884 தொன் பொருட்களோடு வன்னிக்குப் புறப்பட்ட வணங்காமண் என்ற கப்பலை ஜூன் மாதம் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. சாமான்கள் சென்னையைச் சுற்றிக் கொழும்பு வந்து துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. அதில் உயிர் எதுவும் போகவில்லை. ஆனாலும் அதற்காக வீடு வீடாகப் பெட்டி கட்டியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன். தம்பியிடம் "நல்லகாலம், உனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் கணக்கில் எல்லாமே நடந்திருக்கிறது.

கதைக்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். கதைக்க வைக்காதீர்கள். "என்ன நடந்தது" என்ற கேள்வியை அவர் மறியலிலும் விசாரணையிலும் போதுமான அளவு கேட்டிருப்பார். பாதிக்கப்பட்டவரை உடனடியாக ஒருமுறை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிட்டால் பாரம் இறங்கும் என்று முன்பு மனநலம் பார்க்கும் எங்கள் தொழிலிலும் நம்பினார்கள். அது உதவுவதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்குகிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு இப்போது அப்படிச் செய்வதில்லை. நீங்கள் செய்யக்கூடியது, அவர் கதைக்க நினைக்கும்போது ஆள் பக்கத்தில் இருப்பது. முகம் பார்த்து உட்காருவதைவிடக் காரில் பக்கத்தில் இருப்பது நல்லது. கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மரக்கறி வெட்டக் கொடுங்கள். தொடங்கினால் இடையில் புகுந்து ஆறுதல் சொல்லாதீர்கள், திருத்தாதீர்கள், அழுதால் துண்டை நீட்டி அவசரமாக நிறுத்தாதீர்கள்.

நிலத்தில் படுப்பதை விட்டுவிடுங்கள். இரவில் ஏறி வந்தவர்களைக் கண்டவர் கதவைப் பார்த்துப் படுக்கிறார், அதில் விசர் ஒன்றும் இல்லை. நல்ல மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போடுங்கள், சின்ன வெளிச்சம் வையுங்கள். நித்திரையில் தொட்டு எழுப்பாமல் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கனடா தினமோ தீபாவளியோ வெடி கொளுத்தும் நாட்களை முன்னமே சொல்லி, வேண்டுமென்றால் அன்று நகரத்துக்கு வெளியே போய் இருங்கள். குடிக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள்; எங்கள் வீடுகளில் இதைக் கண்டும் காணாமல் விடுவதுதான் வழக்கம். முக்கியமாக, அம்மாவின் நித்திரைக் குளிசையில் பாதியைக் கொடுக்கும் வேலை வேண்டாம். அந்த வகைக் குளிசைகள் இந்த நிலைக்கு உகந்தவை அல்ல, பழக்கமாகவும் ஆகும்.

அப்பாவுக்கு வருகிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் அந்தப் பாதையில் நடந்தவர்கள் பலரை நான் இந்த நாட்டில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வேலை செய்தார்கள், வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அந்த இரவைப் பற்றி வீட்டில் கதைத்தவர்கள் மிகக் குறைவு. தோளில் தூக்கிப் பாலம் கடந்த பிள்ளையைக் கையைப் பின்னால் கட்டி வைத்திருந்தார்கள் என்று செய்தியில் கேட்கும்போது அந்த மனிதருக்கு என்ன நடந்திருக்கும்? அவர் கோபமாகச் சொன்ன வசனம் கோபம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தம்பிக்கு அந்த இரவு நினைவில்லை. அவருக்குக் கேட்டது தீர்ப்பு மட்டும்.

இரண்டு பேரையும் ஹோலில் இருத்திச் சமாதானம் பேச முயலாதீர்கள். அப்பாவிடம் தனியாகச் சொல்லுங்கள், ஒரேயொரு வசனம் போதும் என்று: "தம்பி, நான் சரியாப் பயந்திட்டன், அதாலதான் அப்பிடிச் சொன்னனான்." இதில் போனது சரியென்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை, கருத்தை மாற்றவும் இல்லை. மன்னிப்புக் கேள் என்றால் எங்கள் அப்பாமார் கேட்கமாட்டார்கள். பயந்தேன் என்று சொல்வது சிலருக்கு அதைவிட இலகு, சிலருக்கு அதைவிடக் கஷ்டம். அவரால் முடியாவிட்டால் கையில் ஒரு வேலை கொடுங்கள்: தம்பியை வழக்கறிஞரிடம் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கட்டும். ஏழு வயதில் அதே பாலத்தைக் கடந்த நீங்கள் இந்த வீட்டில் எல்லோருக்கும் நடுவில் ஓடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. உங்களுடைய நித்திரையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த முறை அதையும் எழுதுங்கள்.

பொதுக்கூட்டத்தைத் தடுக்காதீர்கள். தான் கண்டதைச் சாட்சியாகச் சொல்வது பலருக்குப் பலம். ஆனால் நிபந்தனைகளை அவர் போட வேண்டும்: பத்து நிமிடத்துக்கு மேலில்லை, எழுதி வைத்து வாசிக்கலாம், சபையோர் கேள்வி இல்லை, மேடையில் அந்த வீடியோவைச் சத்தத்தோடு ஓடவிடக் கூடாது, அன்று காலையில்கூட "என்னால் முடியாது" என்று சொல்லலாம், அதற்கு எவரும் முகம் சுளிக்கக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஏற்பாட்டாளர்களுக்கு அவருடைய பேச்சு தேவை, அவர் தேவையில்லை. கூட்டம் முடிந்து வரும் இரவுதான் கடினமாக இருக்கும், தனியாக விடாதீர்கள்.

அடுத்த கப்பலைப் பற்றி இப்போது சண்டை பிடித்தால் பிடிவாதத்துக்காகவே பெயர் கொடுத்துவிடுவார். முடிவைத் தள்ளிப்போட மட்டும் கேளுங்கள். என் சொந்த அபிப்பிராயம்: நித்திரை திரும்பாத ஒருவரை இன்னொரு பயணத்துக்கு ஏற்றும் எந்த அமைப்பும் பொறுப்பான அமைப்பு அல்ல, அதன் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். கப்பலில் அது மற்றவர்களுக்கும் ஆபத்து.

இனி நீங்கள் வேண்டாம் என்றது. முதல் சில கிழமைகளில் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் எல்லாம் வருவது இயல்பு. அநேகருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் கடந்தும் குறையாமல், வேலைக்கும் போக முடியாமல் இருந்தால் பரிசோதிக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு ஆறு கிழமை. இது பைத்தியத்துக்கு வைத்தியம் அல்ல. நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு என்று நாங்கள் சொல்வதற்கு, அந்த நினைவை மையமாக வைத்துச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் என்ற முறை என்று நன்றாகச் சோதிக்கப்பட்ட வழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள். சிலருக்கு அதைவிட அதிகம் தேவைப்படும். குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மனநல வைத்தியரைப் பார்க்கும் செலவை ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி ஏற்கும். தனியார் உளவியலாளருக்குக் காசு கட்ட வேண்டும். வேலையிடத்துக் காப்புறுதியில் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். வேலைக்குக் கொடுக்கும் வைத்தியச் சான்றிதழில் என்ன வருத்தம் என்று எழுதத் தேவையில்லை. தமிழ் வைத்தியரிடம் போனால் கதை வெளியே வரும் என்ற பயம் இருந்தால் வேறு வைத்தியரிடம் போங்கள். எவராக இருந்தாலும் நோயாளியின் விவரத்தை ஊருக்குள் கதைக்கச் சட்டம் விடாது. ரொறன்ரோவில் சித்திரவதைக்குள்ளானோருக்கான கனேடிய மையம் 1977 முதல் போரும் சிறையும் கண்டவர்களுக்கு உதவுகிறது. அங்கே விசாரித்துப் பாருங்கள். அப்பா அம்மாவுக்கும் அது பயன்படலாம்.

ஊர் எப்படியும் கதைக்கும். விமான நிலையத்துக்கு மாலையோடு வந்த அன்றே அது தொடங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் ஒத்திவைக்க வேண்டாம். "நான் அங்கேயே செத்திருக்கலாம்" என்பது போல ஏதாவது சொன்னாலோ, சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் 988 க்கு அழையுங்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்தென்றால் 911.

அப்படி எதுவும் இல்லையென்றால், இந்தக் கிழமைக்குள் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். எடுக்கும் முன் தம்பியிடம் கேளுங்கள். "உனக்கு விசர்" என்று அல்ல, "நித்திரைக்கு ஒருக்காக் காட்டுவம்" என்று. நித்திரை இல்லை என்பதை அவரே ஒத்துக்கொள்வார். கனவு எத்தனை நாள், எத்தனை மணிக்கு எழும்புகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு கிழமைக்குக் குறித்துக்கொண்டு போங்கள். உள்ளே தனியாகப் போக விருப்பமா, நீங்கள் கூட வரவா என்பதை அவரே சொல்லட்டும்.